பாடிக்கு மைனஸ்

வேலையை நான் சரியாகத்தான் செய்தேன். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. பழைய இங்கிலீஷ் கார் ஒன்றின் மின்சாரத் திசையை மாற்றி அதில் புது ரேடியோ ஒன்றைப் பொருத்துவது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் முடிகிற காரியம். முடித்தேன். முடித்த பிறகு ஒருவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லவில்லை. பிறகு, சொன்னதாகச் சொன்னேன். இந்த இரண்டில் இரண்டாவதுதான் என்னால் இன்றுவரை இறக்கி வைக்க முடியாதது.

எழுபதுகளின் கடைசி. நான் பெரம்பலூரில் பள்ளிக்கூட வாத்தியார். இயற்பியலில் முதுகலை முடித்திருந்தேன், முப்பத்திரண்டு வயது. ஊரில் ரேடியோ பாடாமல் போனாலும், மோட்டார் காயில் எரிந்தாலும், ஃபியூஸ் நிற்காமல் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கரண்டு சமாசாரமா, வாத்தியாரைக் கேளு என்பார்கள். அந்தப் பேச்சு என் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே கடைத்தெருவில் மெதுவாக நடந்திருக்கிறேன்.

அரியலூரில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். என் மூத்த மகளை உலகத்துக்குக் கொண்டுவந்தவர். சுற்று வட்டாரத்தில் கல்லங்குறிச்சி, ஏலாக்குறிச்சி என்று எங்கே பிரசவம் சிக்கலானாலும் அவருடைய கறுப்புக் கார்தான் போய் நிற்கும். அது அவருடைய அப்பா ஐம்பதுகளின் கடைசியில் வாங்கிய இங்கிலாந்து வண்டி. வாங்கிய சில வருடங்களிலேயே ஒரு டிரைவரை வைத்தார். அப்பா போன பிறகும் வண்டியும் டிரைவரும் மகளோடு இருந்தார்கள். நான் சொல்லும் காலத்தில் டிரைவருக்கு நாற்பத்தேழு வயது இருக்கும். பதினெட்டு வருடமாக அந்த ஒரே வண்டி.

அந்த வருடம் டாக்டருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு கார் ரேடியோ அனுப்பினார். கேசட்டும் போடலாம். டாக்டர் அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, காரிலேயே பெரம்பலூருக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“திருச்சியில மூணு கடை ஏறி இறங்கிட்டேன் சார். இந்த வண்டிக்கு ஆவாதுன்னுட்டாங்க. வண்டி பாடியில பிளஸ் இருக்காம். ரேடியோவுக்குப் பாடியில மைனஸ் இருக்கணுமாம். ஒருத்தர் வண்டியையே வித்துடுங்கங்கிறார்.”

“ரேடியோவுக்காக வண்டியை விக்கறதா?”

“அப்படித்தான் நானும் கேட்டேன். பொங்கலுக்கு மெட்ராஸ்ல டெஸ்ட் மேட்ச் வருது. மேட்ச் நடக்கறப்பதான் இந்தப் பக்கத்துல அத்தனை பேருக்கும் வலி எடுக்குது. போன வருஷம் ஒரு ஓவர்கூட முழுசாக் கேக்கல நான்.”

டிரைவர் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “மேட்ச் மட்டுந்தானாம்மா? பாட்டு வராதா?” என்றார்.

“பாட்டும் வரும்.”

“அப்படின்னா சரி. இருந்தாலும் ஓடுற வண்டிம்மா இது. ஒரு பொட்டிக்காக அதோட ஓட்டத்தையே திருப்பணுமா? யோசிச்சுச் செய்யுங்க.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்து, “ஓட்டறது உன் வேலை. திருப்பறது என் வேலை” என்றேன்.

அவர் சிரித்தபடி “சரிங்க சார்” என்றார்.

அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை ‘நீ’ என்றேன். டாக்டர் ஒருநாளும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் குடும்பம் ஜெயங்கொண்டம் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். அவருடைய தாத்தா அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்கு இறங்கியவர். இதை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேசாமலே என் வாயில் ‘நீ’ வந்தது, அவர் வாயில் ‘சார்’ வந்தது. படித்தவன் என்பதால் இதெல்லாம் என்னிடம் இல்லை என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

செய்த வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நடந்ததும் புரியாது.

காரில் ஹாரனுக்கோ விளக்குக்கோ ஒரே ஒரு கம்பிதான் போகும். மின்சாரம் திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. அதனால் பேட்டரியின் ஒரு முனையை ஒரு பட்டைக் கம்பியால் பாடியோடு சேர்த்திருப்பார்கள். இப்போதைய வண்டிகளில் அது மைனஸ் முனை. அந்தக் கால இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பிளஸ் முனை. விளக்கும் ஹாரனும் எப்படி இருந்தாலும் வேலை செய்யும். டிரான்சிஸ்டர் வைத்த ரேடியோ செய்யாது. திசை மாறினால் அது அந்த நிமிடமே எரிந்துபோகும்.

ஆகவே பேட்டரியைக் கழற்றி, அதை அப்படியே திருப்பி வைக்க வேண்டும். பட்டைக் கம்பி இருந்த இடத்தில் இருக்கும், மற்ற கம்பியும் இருந்த இடத்தில் இருக்கும், நடுவில் பேட்டரி மட்டும் முகம் மாறி உட்கார்ந்திருக்கும். இதில் ஒரு தடை உண்டு. பேட்டரியின் பிளஸ் குமிழ் சற்றுப் பருமன், மைனஸ் குமிழ் சற்று ஒல்லி. கம்பிகளின் நுனியில் இருக்கும் கிளாம்ப்புகளும் அதற்கேற்ற அளவில் இருக்கும். யாரும் மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நான் ஒரு உருட்டு அரம் எடுத்து, சின்ன கிளாம்ப்பின் உட்புறத்தை ராவிப் பெரிதாக்கினேன். பெரிய கிளாம்ப்புக்குள் ஒரு செப்புத் தகட்டைச் சுருட்டி வைத்து ஒல்லிக் குமிழுக்கு இறுக்கினேன். மாற்றி மாட்டக் கூடாது என்று வைத்திருந்த ஒரே காவலை நானே அரத்தால் ராவி எடுத்தேன்.

பிறகு இக்னிஷன் காயிலில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினேன். டைனமோவின் சின்ன முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து வந்த கம்பியால் ஒரு நொடி தொட்டு எடுத்தேன். நீலப் பொறி ஒன்று பறந்தது. அவ்வளவுதான், உள்ளிருக்கும் காந்தம் புதுத் திசைக்கு வந்துவிட்டது. கடைசியாக டேஷ்போர்டில் அம்மீட்டரின் கம்பிகளையும் மாற்றினேன். அதைச் செய்யாவிட்டால் சார்ஜ் ஏறும்போது முள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும், ஓட்டுகிறவர் முதல் நாளே ‘இதென்ன’ என்று கேட்டிருப்பார். என் வேலை அரைகுறையாக இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

இதெல்லாம் ஆவணி மாதத்து ஒரு ஞாயிறு, அரியலூரில், கிளினிக்குக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் நடந்தது. டிரைவர் இல்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குத் திருமானூர் பக்கம் போயிருந்தார். அவர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் நான் போனேன். பக்கத்தில் நின்று கேள்வி கேட்பார் என்ற எண்ணம்.

ஒரு மணிக்கு ரேடியோ பாடியது. டாக்டர் வெளியே வந்து, சின்னப் பெண் மாதிரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். இறங்கும்போது கேட்டார்:

“டிரைவர் நாளைக்கு வந்துடுவார். என்ன மாத்தியிருக்குன்னு அவருக்குத் தெரியணுமே சார். நான் சொன்னா தப்பாச் சொல்லிடுவேன்.”

“நான் சொல்லிக்கிறேன் டாக்டர். பேட்டரிப் பக்கத்துல சிவப்புப் பெயிண்ட்ல எழுதியும் வச்சிடறேன். இன்னைக்குப் பெயிண்ட் எடுத்துட்டு வரல.”

“நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவலை” என்றார் டாக்டர். பஸ்ஸில் பெரம்பலூர் திரும்பும்வரை அந்த வாக்கியத்தைத்தான் மென்றுகொண்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து டாக்டர் ஏதோ கூட்டத்துக்காகப் பெரம்பலூர் வந்தார். டிரைவர் வண்டியை நிழலில் விட்டுவிட்டு எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். மதிய இடைவேளை. நான் இரண்டு வாத்தியார்களோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். அவர் இடுப்புத் துண்டிலிருந்து என் உருட்டு அரத்தை எடுத்து நீட்டினார்.

“வண்டியிலேயே விட்டுட்டு வந்துட்டீங்க சார்.”

வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை.

“அப்படி என்ன சார் பண்ணீங்க? நானும் பத்து நாளாப் பாக்கறேன். எல்லாம் வச்ச எடத்துலதான் இருக்கு. முள்ளுகூட அப்படியே நிக்குது. சொன்னீங்கன்னா தெரிஞ்சுக்குவேன்.”

டாக்டரிடம் நான் சொல்லிக்கிறேன் என்றது எனக்கு நன்றாக நினைவில் இருந்தது. மறதி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ‘இனிமே பாடிக்கு மைனஸ், கழட்டினா அப்படித்தான் மாட்டணும்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் அவர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கிடம் கேட்பது மாதிரி கேட்டார்.

“சொன்னா உனக்குப் புரியாதுப்பா. ஓடுதுல்ல? ஓட்டிக்கிட்டு இரு.”

பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார், “அவ்வளவு ஆசைன்னா பேசாம பி.எஸ்ஸி. சேர்ந்துடுங்க டிரைவர்” என்றார். எல்லோரும் சிரித்தோம். டிரைவரும் சிரித்தார்.

“சேந்துடலாம் சார். பெயிலானா மறுபடி வண்டி ஓட்டத்தான் வரணும். அதுக்கு இப்பவே ஓட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். பெயிண்டை நான் வாங்கவே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. அன்று நான் அரியலூரில் இல்லை. டாக்டரும், கிளினிக் நர்சும், எதிர்க் கடைக்காரரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

டிரைவர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பேட்டரியை வெளியே எடுப்பார். அது அவர் பழக்கம். வெந்நீர் ஊற்றிக் கழுவி, குமிழ்களில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் ஸ்பேனர்களோடு பூஜையில் வைப்பார். மற்ற டிரைவர்கள் ஸ்டீயரிங்குக்கு மாலை போடுவதோடு விட்டுவிடுவார்கள். இவர் மட்டும், ‘உசிரு அதுலதானே இருக்கு, அதுக்குத்தான் மொத பொட்டு’ என்பாராம்.

அந்த வருடமும் பூஜை முடிந்து பேட்டரியைத் திரும்ப வைத்தார். பதினெட்டு வருடமாக வைத்தபடி, பிளஸ்ஸைப் பாடிப் பட்டைக்கு. பெரிய கிளாம்ப்புக்குள் ஒரு செப்புத் தகடு கிடந்தது. அதை எடுத்ததும் கிளாம்ப் பெரிய குமிழில் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொரு கிளாம்ப் கொஞ்சம் லூசாக இருந்தது, அந்தத் தகட்டை அங்கே வைத்து இறுக்கினார். வாத்தியார் தகட்டை இடம் மாற்றி வைத்துவிட்டாரே என்று நர்சிடம் சொல்லியும் இருக்கிறார்.

சாயங்காலம் நாலரை மணி. காருக்கு மாலை, முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். தெருவே வாசலில் நின்றது. டாக்டருடைய அம்மா கற்பூரம் காட்டி முடித்ததும் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி ஸ்டார்ட் செய்தார். வண்டி கிளம்பி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. அவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். அம்மீட்டர் முள் ஒரே பாய்ச்சலில் கடைசிக்குப் போய் முட்டியது. அதை அவர் பார்த்துவிட்டார், உடனே சாவியை அணைத்தார். அதற்குள் ரேடியோவிலிருந்து ஒரு புகை, பானெட்டுக்குள், டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் கட்-அவுட் பெட்டியிலிருந்து இன்னொரு புகை. மாலைக்கு நடுவிலும் வாழையிலைக்கு நடுவிலும் புகை வழிந்தது.

எதிர்க் கடைக்காரர்தான் முதலில் பேசினாராம். “என்னண்ணே, வண்டிக்குள்ளயே சாம்பிராணி போட்டுட்டீங்களா?”

தெரு சிரித்தது. டாக்டருடைய அம்மா சிரிக்கவில்லை. பூஜை நாளில் இப்படி ஆனதே என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விஜயதசமி விடுமுறை. ஆள் அனுப்பியிருந்தார்கள், காலை பஸ்ஸில் போனேன். பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. துடைத்துப் பளபளப்பாக இருந்த பிளஸ் குமிழ், குங்குமப் பொட்டோடு, பாடிப் பட்டையில் இருந்தது. கட்-அவுட்டின் வெள்ளி முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. ரேடியோவைத் திறக்கவே வேண்டாம், நாற்றம் போதும்.

டாக்டர் என் வலப்பக்கம். டிரைவர் ஈரத் துணியோடு இடப்பக்கம்.

“என்ன சார் ஆச்சு?”

“பேட்டரியைத் தலைகீழா மாட்டியிருக்கு டாக்டர்.”

இதுவரை உண்மை. டாக்டர் டிரைவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க இவர்கிட்ட சொன்னீங்கல்ல?”

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ‘சொல்லவில்லை, என் தப்பு’ என்று நான் சொல்லியிருந்தால், ‘என்ன சார் நீங்க’ என்று ஒருமுறை கடிந்துகொண்டிருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். எனக்குப் போகக்கூடியது ஒன்றும் இல்லை. கரண்டு சமாசாரத்தில் வாத்தியார் கோட்டை விட்டார் என்று நாலு பேர் பேசுவார்கள், அவ்வளவுதான். அந்த நாலு பேரை நினைத்தேன்.

“சொல்லியிருந்தேனே” என்றேன்.

டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கட்-அவுட் பெட்டியைப் பார்த்தேன்.

“பதினெட்டு வருஷம் இந்த வண்டியோட இருக்கீங்க” என்றார் டாக்டர் அவரிடம். “சார் சொன்னதைக் காதுல வாங்கல. கேட்டிருக்கலாமில்ல?”

“சார் சொன்னேன்னா சொல்லித்தாம்மா இருப்பாங்க” என்றார் டிரைவர்.

“இனிமே பேட்டரியத் தொடாதீங்க. எதுன்னாலும் சாரைக் கூப்பிடுவோம்.”

“சரிம்மா.”

மறுநாள் காலை வண்டியைக் கழுவித் துடைத்து, சாவியை நர்சின் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். டாக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். உடம்பு சரியில்லை என்று பதில் வந்தது. அரியலூரில் கார் வைத்திருந்தவர்கள் அன்று பத்துப் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். பேட்டரியை மாட்டத் தெரியாதவர் என்று பெயரான பிறகு அவர்களில் யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தெரு அவருக்கு ஒரு பட்டம் வைத்தது. பொகை. ‘பொகை வராரு, நெருப்பப் பத்திரமா வையுங்க’ என்று டீக்கடையில் சொல்வார்களாம். கொஞ்ச நாளில் சுண்ணாம்புக் கல் ஏற்றும் லாரிக்குப் போய்விட்டார்.

நான் கட்-அவுட்டை மாற்றிக் கொடுத்தேன். பேட்டரியைச் சரியாக மாட்டினேன். அன்றும் பெயிண்டால் எழுதவில்லை. எழுதினால், ஏன் முன்பே எழுதவில்லை என்று கேள்வி வரும். பொங்கல் மேட்ச் ரேடியோ இல்லாமலே போனது.

நான்கு வருடம் போனது. ஒரு நாள் பகலில் பெரம்பலூரிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த பஸ் ரஞ்சன்குடிக்குப் பக்கத்தில் டயர் வெடித்து நின்றது. ஜாக்கி வேலை செய்யவில்லை. எதிரே வந்த காலி லாரி ஒன்று ஓரம் கட்டியது. ஜாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தவரைப் பார்த்ததும் நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் பார்த்துவிட்டார்.

“சாரா? எங்க சார் இந்தப் பக்கம்?”

உறவுக்காரர் வீட்டுக்கு என்றேன். ஜாக்கி ஏற்றியும் பஸ்ஸின் மாற்று டயரில் காற்று இல்லை. இந்த பஸ் கிளம்ப நேரமாகும், பெரம்பலூர் திரும்புவதென்றால் வாங்க, நான் அங்கேதான் போறேன் என்றார். மறுக்க வாய் வரவில்லை. ஏறினேன். லாரி முழுக்கச் சுண்ணாம்புத் தூள். அவர் புருவம்கூட வெள்ளையாக இருந்தது. இடது காது மந்தமாகிவிட்டது என்று, என் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசினார்.

கொஞ்ச தூரம் போன பிறகு நான் சொன்னேன். “அன்னைக்கு நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை.”

அவரை ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை. அவர் ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினார்.

“தெரியும் சார்.”

“என்ன மாத்தினேன்னும் தெரியுமா?”

“வண்டி பொகைஞ்ச மறுநாள் நீங்க பஸ் ஏறினப்புறம் கிளாம்ப்பைத் தொட்டுப் பாத்தேன். உள்ள பளபளன்னு ராவின தடம். அந்த அரத்தைக் கொண்டாந்து உங்க கையில குடுத்ததே நாந்தானே.” சிரித்தார். “தகட்டையும் பாத்தேன். அப்புறம் என்ன சார், தலைகீழாத் திருப்பி வச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுபோச்சு. பி.எஸ்ஸி. வேண்டியிருக்கல.”

“டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீங்க சொன்னேன்னுட்டீங்க. நான் இல்லைன்னா, ரெண்டுல ஒண்ணு பொய்யின்னு ஆவுது. யாரு பொய்யின்னு அம்மா ரோசிக்கக்கூட வேணாம் சார். நம்மள அப்படி நினைச்சுட்டா அப்புறம் அந்த வண்டியில எப்படி உக்கார்றது? அதான் நானே எறங்கிட்டேன்.”

பெரம்பலூரில் இறக்கிவிட்டார். “பாத்துப் போங்க சார்” என்றார்.

அடுத்த நாளே அரியலூருக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. பரீட்சை நேரம் என்று ஒரு மாதம், வீட்டில் விசேஷம் என்று இரண்டு மாதம். மொத்தம் பதினோரு மாதம். ஒரு நாள் வகுப்பில் பேட்டரி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பலகையில் பிளஸ், மைனஸ் போட்டுவிட்டு, மேற்கொண்டு எழுதாமல் சாக்பீஸோடு நின்றேன். அந்தச் சனிக்கிழமை போனேன்.

டாக்டர் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். நான் சொல்லவில்லை, அவர் கேட்டும் சொல்லவில்லை, உங்களிடம் பொய் சொன்னேன். மூன்று வாக்கியம்.

அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டி மேஜையில் வைத்தார்.

“எங்கப்பாவைக் கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் சார் அவர்” என்றார். பிறகு எழுந்து, “வாங்க” என்றார்.

டிரைவர் விலகிப் போன பிறகு டாக்டர் தானே ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னார். ஊருக்குத் தெற்கே, ஒரு குறுகலான தெருவின் முனையில் வண்டியை நிறுத்தினார். சனிக்கிழமை சாயங்காலம், டிரைவர் வீட்டில்தான் இருந்தார். காரைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். டாக்டர் அவர்கள் காதிலும் விழும்படி சொன்னார்.

“டிரைவர், அன்னைக்குத் தப்பு உங்களுது இல்ல. சார் சொல்லாம விட்டார். நான் உங்களைக் கேக்காம விட்டேன். வண்டிக்குத் திரும்பி வாங்க.”

அவர் காரைச் சுற்றி வந்தார். முன் மட்கார்டில் புதிதாக ஒரு நசுங்கல் இருந்தது, அதைக் கையால் தடவினார்.

“இது யாரு பண்ணது?”

“நான்தான். கேட்டுல இடிச்சுட்டேன்.”

“வலப்பக்கம் ஒடிக்கறப்ப அவசரப்படுவீங்க போல.” பிறகு, “வேணாம்மா. லாரி பழகிப்போச்சு. கூப்பிட வந்தீங்களே, அது போதும். டீ குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

டீ வருவதற்குள் பானெட்டைத் திறந்தார். என்னைப் பார்த்தார். “இப்பவாச்சும் சொல்லுங்க சார். டைனமோவை எப்படித் திருப்பினீங்க? அது மட்டும் எனக்குப் பிடிபடல.”

சொன்னேன். கம்பியால் ஒரு நொடி தொட்டு எடுப்பதைச் சொன்னேன். ‘பொறி பறக்குமா’ என்று கேட்டார். பறக்கும் என்றேன். தலையாட்டினார். அவருக்குப் புரிய ஒரு நிமிடம்தான் ஆனது. வீட்டுக்குள் போய், லாரியில் எழுத வைத்திருந்த சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் ஒரு பிரஷ்ஷையும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

“உங்க கையாலயே எழுதிடுங்க.”

பேட்டரிக்கு மேலே, தகட்டில், ‘பாடிக்கு மைனஸ்’ என்று எழுதினேன். ‘ஸ்’ கொஞ்சம் வழிந்தது.

பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று அன்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். தவறு. புகையைப் பார்த்தது ஒரு தெரு. அன்று டாக்டர் சொன்னதைக் கேட்டது நாலைந்து பேர்.

டிரைவர் சில வருடங்களுக்கு முன் காலமானார். செய்தி கேட்டு நான் கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். தெருக்கள் மாறியிருந்தன. ஒரு டீக்கடையில் லாரி டிரைவர், முன்னே டாக்டர் வீட்டில் கார் ஓட்டியவர் என்று அடையாளம் சொல்லிக் கேட்டேன். கடைக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

“யாரு, பொகை வூடா? நேராப் போயி ரெண்டாவது சந்துங்க. பந்தல் போட்டிருக்கும்.”

“அவருக்கு ஏன் அந்தப் பேரு?”

“அந்தக் காலத்துல ஏதோ காருல பேட்டரிய மாத்தி மாட்டிட்டாராம்ங்க. பொகையாப் போச்சாம்.”

“அவர் சரியாத்தான் மாட்டினார்” என்றேன். “சொல்ல வேண்டியதைச் சொல்லாம, சொன்னேன்னு பொய் சொன்னவன் நான்.”

கடைக்காரர் என்னையும் என் கம்பையும் பார்த்தார். “அப்படிங்களா” என்றார். இன்னொருவர் இரண்டு டீ என்று கேட்டார், அவர் திரும்பிப் பாலை ஆற்ற ஆரம்பித்தார்.

நான் அங்கேயே நின்றேன். அவர் அந்த இரண்டு டீயையும் கொடுத்து முடித்த பிறகு, கடையில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து மறுபடி சொன்னேன். பிறகு இரண்டாவது சந்தை நோக்கி நடந்தேன்.